இலையில் வைத்த எலுமிச்சை பீர்

என் தங்கமான நீலா அக்கா,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? நான் கடுதாசி எழுத உட்கார்ந்தாலே பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "இது எழுத்தா, இடியாப்பமா?" என்று கேட்டவர்தானே நீங்கள். போன இடத்தில் யாராவது வாசித்துக் காட்டமாட்டார்களா என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம் வீட்டில் மலாயும் தமிழும் கலந்து பேசியதை எல்லாம் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேதி நிறைய இருக்கிறது. கொல்லையில் உங்கள் லீமாவ் கஸ்தூரி, அந்தக் குட்டி எலுமிச்சை மரம், நீங்கள் போன துக்கத்தில் மூன்று மாதம் காய்க்கவே இல்லை. இப்போது கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்துக் கிடக்கிறது. பீரை இனிமேல் சீமையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டாமாம், சிங்கப்பூரிலேயே காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். இதை மட்டும் நீங்கள் கேட்டிருந்தால் காஜா பேராங் தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் கிளாஸை நீட்டியிருப்பீர்கள்.

ஆனால் நான் பேனாவை எடுத்தது அதற்காக இல்லை. போகி அன்று உங்கள் இலைக்கு முன்னால் நடந்ததை என் வாயால்தான் நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் தம்பிமார் சொன்னால் கண் காது மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த மறுநாள் மத்தியானம் நினைவிருக்கிறதா? புக்கிட் ரம்பாய் தோட்டத்தில் பிறந்தவள் நான். சம்பள நாளில் அப்பா கள்ளுக்கடைக்குப் போய்த் திரும்பினால் எங்கள் வீட்டில் சட்டி பானை உருளும், அம்மாவும் நானும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். அப்படி வளர்ந்தவளிடம் நீங்கள், வீட்டுக்கு மூத்தவர், ஒரு பொம்பளை, நுரை ததும்பத் ததும்ப பீரைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"ஏன் இப்படி முழிக்கிற? மினும், மினும்! குடி! இது சண்டை போடுற தண்ணி இல்ல புள்ள, சிரிக்கிற தண்ணி."

அன்றைக்கு நான் உதட்டை நனைத்ததோடு சரி. அதற்குப் பிறகும் ஒரு வாய்க்கு மேல் குடித்ததில்லை. ஆனால் நீங்கள் கலக்குவதைப் பார்க்க ஒரு நாளும் தவறியதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் ரெஸ்ட் ஹவுசில் பட்லராக இருந்தபோது, துவான்மார் பீரில் லெமனேட் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்து வந்து சொன்னாராம். "வெள்ளைக்காரனுக்கு போத்தல் தண்ணி, நமக்குக் கொல்லையில மரமே இருக்கு" என்று நீங்கள் லீமாவ் கஸ்தூரியைப் பறித்துப் பிழிந்தீர்களாம். அதற்கு மேல் ஒரு கரண்டி குலா மலாக்காத் தென்னைவெல்லப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. ஐஸ் வண்டிக்காரனிடம் வாங்கிய கட்டியை மரத்தூள் போகக் கழுவி, துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் ஒரே போடு. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து பீரை ஓரமாக விட்டு, பாதி வந்ததும் மற்றதைச் சேர்ப்பீர்கள். குடிக்காதவர்களுக்கு பீருக்குப் பதில் சோடாவும் இஞ்சிச் சாறும். ஒரு கல்யாணத்தில் குடியே தொடாத பெரிய மனிதர் ஒருவர் பீர் கிளாஸை மாற்றி எடுத்துவிட்டு, "இந்த ஜூஸ் ரொம்ப செடாப், ரொம்ப ருசி" என்று மூன்று தரம் கேட்டு வாங்கினாரே, அடேயப்பா, நீங்கள் சிரித்த சிரிப்பு செமாபோக் வரைக்கும் கேட்டிருக்கும்.

உங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "கலந்தா கலந்த கையோட குடிச்சிடணும். மூடி வைக்கக் கூடாது. இது கருவாடு இல்ல." எத்தனை தரம் சொன்னீர்கள்!

கடைசி நாட்களுக்கு வருகிறேன். கால் வீங்கி, மூச்சு இரைத்து நீங்கள் படுத்திருந்தீர்கள். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து, பார்லித் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் என் கையைப் பிடித்து, "செல்லம்மா, ஒரே ஒரு கிளாஸ். பாதி போதும். நீ கலந்து கொண்டா" என்றீர்கள். நான் கறாராக, "முடியாதுக்கா. உடம்பு தேறட்டும்" என்று சொல்லி பார்லியை நீட்டினேன். "உன் பார்லிய நீயே குடி" என்று சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். மறுநாள் காலையில் நீங்கள் இல்லை.

ஒரு வருஷம் அந்தக் கிளாஸ் என் தொண்டையிலேயே நின்றது அக்கா. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாள் முன்னால் போயிருப்பீர்களா? போகாமல் இருந்திருப்பீர்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அதனால்தான் போகிக்காகக் காத்திருந்தேன். போனவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரை வெளியே காத்திருக்கிற பார்ச்சுப் படையல், தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் மலாய் பேசி வாழும் உங்கள் ஜனங்களின் வழக்கமாயிற்றே. உங்கள் முதல் இலையில் அந்தக் கிளாஸ் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் உங்கள் பெரிய தம்பி வேலு அத்தான் இடையில் வந்து நின்றார். நீங்கள் போன பிறகு அவர் கோயில், பூசை என்று மாறிப்போனது உங்களுக்குத் தெரியாது.

"இலையில பீரு கீரு வைக்கக் கூடாது. வேற என்ன வேணாலும் செய்."

"அக்காவுக்குப் பிடிச்சதை வைக்காம வேற யாருக்குப் பிடிச்சதை வைக்கிறது அத்தான்?"

"சொன்னா கேளு" என்று எழுந்து போய்விட்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். உங்கள் சின்னத் தம்பியைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. அண்ணன் எதிரில் வாயில் கொழுக்கட்டை.

எனக்கா வீம்பு இல்லை? போகிக்கு இரண்டு நாள் முன்னாலேயே, அத்தான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கலந்துவிட்டேன். பீர், லீமாவ் கஸ்தூரி, பாகு எல்லாம் சேர்த்து, இஞ்சிச் சோடா வந்த பழைய மண் போத்தலில் ஊற்றி, தக்கையை அடித்து இறுக்கி, கயிறும் கட்டினேன். யார் கேட்டாலும் எலுமிச்சை ஜூஸ் என்று சொல்வதாகத் திட்டம். உங்கள் சட்டத்தை நானே மீறுகிறேன் என்ற எண்ணம்கூட வரவில்லை. பாகு போட்ட சரக்கு, இந்த ஊர்ப் புழுக்கத்தில், இரண்டு நாள்! இதில் போகி அன்று அதை எங்கே வைத்தேன் தெரியுமா? உங்கள் இலைக்குப் பக்கத்தில், குத்துவிளக்கை ஒட்டி.

சாம்பிராணி போட்டு, விழுந்து கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு மூவரும் கூடத்தில் கைகட்டி நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வேலு அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

டமார்!

எதுவோ உருண்டது. எதுவோ உஸ்ஸென்று சீறியது. அத்தான் அப்படியே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். "அக்கா டாத்தாங்! அக்கா வந்துட்டா! ஐயோ, அக்கா வந்துட்டா!" என் வீட்டுக்காரர் தூணைக் கட்டிக்கொண்டார். எனக்கு மட்டும் என்ன நடந்தது என்று தெரியும். அடுத்த நிமிஷம் கதவுக்கு அடியிலிருந்து வாசனை வந்தது. பீரும் லீமாவ் கஸ்தூரியும்.

அத்தான் தலையைத் தூக்கினார். மூக்கு விடைத்தது. "அவ கிளாஸ் வாசனை" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். அக்கா வந்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் உங்கள் இலைக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

"அத்தான், அது அக்கா இல்ல. நான்தான். உங்களுக்குத் தெரியாம பீரைக் கலந்து வச்சேன், தக்கை பிடுங்கிக்கிச்சு. அக்கா கடைசியா கேட்டப்ப நான் குடுக்கல. அதான், இப்பவாவது குடுக்கலாம்னு..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "உன்கிட்டயும் கேட்டாளா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"என்கிட்டயுந்தான் கேட்டா. அதுக்கு மொத நாளு. போக்கா, பேசாம படுன்னு அதட்டிட்டு வந்துட்டேன். அந்தக் கிளாஸை எந்த மூஞ்சியோட அவ எதிர்ல வைக்கிறதுன்னுதான் வேணாம்னு சொன்னேன்."

பாருங்கள் அக்கா, ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு வருஷமாக இரண்டு பேரும் தனித்தனியாக வெந்துகொண்டிருந்திருக்கிறோம்.

கதவைத் திறந்தோம். சுவரெல்லாம் நுரை, மீன் குழம்பில் நுரை, உங்கள் வெற்றிலைப் பெட்டிக்குள்ளும் நுரை. தக்கை போய் உங்கள் அப்பா படத்தின் மேல் சட்டத்தில் செருகிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தவர் அத்தான்தான். அப்புறம் என் வீட்டுக்காரர், அப்புறம் நான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அத்தான் போய் ஐஸும் பீரும் வாங்கி வந்தார். என் வீட்டுக்காரர் காய் பறித்தார். அம்மிக் குழவியால் நான் ஒரே போடு. புது இலை போட்டு, கலந்த கையோடு கிளாஸை வைத்து, மறுபடியும் கதவைச் சாத்தினோம். திறந்தபோது கிளாஸ் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. நுரை அடங்கினால் குறையத்தான் செய்யும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டுமே. அத்தான் கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "மினும்" என்றார். முதல் தடவையாக முழுக் கிளாஸையும் குடித்தேன் அக்கா, ஒரு சொட்டு விடாமல். புளிப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, உங்கள் கை எனக்கு வராது. ஆனால் சிரிக்கிற தண்ணி என்று நீங்கள் சொன்னது சத்தியமான வார்த்தை.

ஒவ்வொரு போகிக்கும் உங்களுக்கு ஒரு முழுக் கிளாஸ் உண்டு, உங்கள் சட்டப்படி, ஐஸ் கரையுமுன். இனி நீங்கள் கேட்டு நான் முடியாது என்று சொல்லமாட்டேன். டிரஸ்ஸர் என்ன, கவர்னரே வந்து தடுத்தாலும் சரி. இந்த வீட்டில் பார்லி வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

நீங்கள் சிரிக்கக் கற்றுக்கொடுத்த உங்கள் தம்பி பெண்டாட்டி,
புக்கிட் ரம்பாய்ச் செல்லம்மா