ஆயுத பூஜையன்று நான் துடைத்த ஆறு டிஸ்க்குகள்

இன்று காலை ஆபீஸ் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய சர்வர் ஒன்றை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எடைக்குப் போடுவதற்கு முன் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். சுவிட்சைத் தட்டினேன். விசிறிகள் ஒரு மூச்சு அலறிவிட்டு அடங்கின. அப்புறம் அந்த வாசனை வந்தது. வருஷக்கணக்கில் படிந்த தூசி சூடேறும் வாசனை. பீரோவில் கிடந்த பழைய வேட்டியை இஸ்திரி போடும்போது எழுமே, அது மாதிரி. பக்கத்தில் நின்ற புதுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், எதுனா கருகுதா?" என்றாள். இல்லைம்மா, அது அப்படித்தான் என்றேன். நீயாக இருந்தால் குனிந்து நன்றாக ஒரு இழுப்பு இழுத்திருப்பாய்.

நீ போய் ஆறு மாசம் ஆகிறது. உனக்கு எழுத உட்காருவது இதுதான் முதல் தடவை. நேற்று உன் வீட்டுக்குப் போய், இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த ஒன்றை உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து அலுத்துவிட்டது.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் சேர்ந்தவர்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஏ.சி. குளிரில், ஒரே ஸ்வெட்டரை ஷிப்டுக்கு ஷிப்டு மாற்றிப் போட்டோம். பிறகு எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோகச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. எங்கேயோ இருக்கும் யாருடைய இயந்திரத்திலோ மாத வாடகைக்கு இடம் பிடித்து, நம் ஃபைல்களை அங்கே வைப்பது. செய்து முடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் செய்தேன். நீ மூன்று நாள் வாயைத் திறக்காமல் வயர்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாய். கடைசியில், "வாடக வூட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அவனாண்ட கேக்கணும்டா. பாத்துக்க" என்றாய். அந்த மாசமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாய்.

எடைக்குப் போகவிருந்த நான்கு சர்வர்களையும் நீயே கேட்டு வாங்கி, குட்டி யானை டெம்போவில் ஏற்றி, வில்லியனூர் வழியாக உன் ஊர் கரிக்கலாம்பாக்கத்துக்குக் கொண்டுபோனாய். பின்னாலேயே பைக்கில் நான். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டதும் நிறுத்தச் சொல்லி, பின்தட்டிலிருந்து இறங்கி முன்னால் போய், "மெதுவா போப்பா, பின்னாடி புள்ளத்தாச்சி இருக்குது" என்றாய். அந்த டிரைவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்.

கரும்புக் கொல்லை ஓரத்தில் உபயோகமில்லாமல் நின்ற மோட்டார் கொட்டகைதான் அவற்றுக்கு வீடு. முதல் நாள் நான்கும் ஒன்றாக ஓடியபோது உன் மனைவி வாசலில் நின்று, "இன்னாங்க இது, வூட்டாண்ட ரைஸ் மில்லு வெச்சாப்ல" என்றது. மூன்றை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் ஓட விட்டாய். அதற்கே பவர் சப்ளையில் பல்லி, கேபிள் துளையில் தவளை, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க ஓட்டம். நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்பு, என் போன் செய்யும் வேலையில் பாதிகூடச் செய்யாது என்று நான் சொல்லிக் காட்டுவேன். உனக்குக் கோபம் வராது. முன்பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கைக் காட்டுவாய். "டிஸ்க்கு கெடப்போவுதுன்னா மஞ்சளா எரிஞ்சி முன்னாடியே சொல்லிடும். உன் கிளவுடு சொல்லுமா? பணம் கட்டலன்னாதான் சொல்லும்" என்பாய். நான் அதற்கும் எதிர்ப்பேச்சு பேசுவேன்.

அப்புறம் ஆரம்பித்தவைதான் அந்தக் காலைக் குரல் பதிவுகள். ஆறரை மணிக்கு டீயைக் குடித்துவிட்டு, அன்றைய தொழில்நுட்பச் செய்திகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உன் அபிப்பிராயத்தைப் பேசி எனக்கு அனுப்புவாய். ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம், ஞாயிற்றுக்கிழமையில் கால்மணி நேரம்கூட. புது சிப் வந்தது, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஆளை எடுத்தார்கள், டேட்டா சென்டருக்குத் தண்ணீர் போதவில்லை, எல்லாவற்றுக்கும் உன்னிடம் தீர்ப்பு இருந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றி நீ சொன்னது ஒன்று நினைவிருக்கிறது. "கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்லுதாம்டா. தெரியலன்னு சொல்லத் தெரியுமா அதுக்கு? நம்ம மேனேஜருக்கே தெரியாதே."

அது நினைவிருப்பதற்குக் காரணம், பதிவின் ஆரம்பத்திலேயே நீ அதைச் சொல்லிவிட்டதுதான். உண்மையைச் சொல்கிறேன். உன் பதிவுகளை நான் அரை நிமிஷத்துக்கு மேல் கேட்டதில்லை. கடைசி இரண்டு வருஷம் அதுவும் இல்லை. நாள் முழுக்க அதே செய்திகளுக்கு நடுவில்தான் எனக்குப் பிழைப்பு. இந்த மாசம் ஒன்று வந்து உலகத்தையே மாற்றப் போகிறது என்பார்கள், அடுத்த மாசம் அதை மூடிவிட்டோம் என்று மெயில் வரும், நான் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டிருப்பேன். காலையில் உன்னிடமிருந்தும் அதேதானா என்று சலிப்பாக இருந்தது. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். போனில் இடம் நிறைந்தபோதெல்லாம் முதலில் அழித்தது உன் பதிவுகளைத்தான். கடைசியில், நம் இருவர் போனிலும் ஒரே நாளில் தானாக அழியும்படி வைத்துவிட்டேன். நீ ஒவ்வொன்றையும் சர்வரில் சேர்த்து வைக்கிறாய் என்று தெரியும். வேண்டுமென்றால் அங்கே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு உன் மனைவி என்னிடம் வந்தது. கொட்டகையை என்ன செய்வது என்று கேட்கும் என நினைத்தேன். கொல்லையை மனை போடப் பேசி முடித்திருந்தார்கள், கொட்டகையும் போகப்போகிறது. அது கேட்டது வேறு.

"அண்ணா, அவரு குரலு எங்கிட்ட இல்லண்ணா. கல்யாண கேசட்டுலகூட அவரு வாயே தொறக்கல. டெய்லி உங்களாண்ட பேசுவாரே, அது எதுல இருக்குது?"

"எல்லாம் அந்த சர்வர்லதாம்மா இருக்குது. ஒண்ணு விடாம இருக்குது. பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன்" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் தெரியுமா? நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போய் ஆயுத பூஜை வந்துவிட்டது. "அவரு இருந்தா மெஷினுக்குப் படைப்பாரு. நீங்க வந்து செய்ங்கண்ணா. அன்னிக்கே அதையும் எடுத்துக் குடுத்துடுங்க" என்று போன் வந்தது.

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நீ சர்வரை நிறுத்துவாய். ஒரு டிஸ்க்கை வெளியே இழுத்து, துடைத்து, அதைத் தாங்கும் தட்டின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பச் செருகிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவாய். ஆறு டிஸ்க்கும் அப்படித்தான். பூசாரி என்று நான் கிண்டல் செய்வேன். ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டாக நறுக்கி ஆறிலும் பரப்பி வைக்கும் அமைப்பு அது. வரிசை மாறினால் டிஸ்க்குகளை ஆளும் அந்தப் பழைய கார்டுக்கு எதுவும் புரியாது. இது எனக்குத் தெரியாதா? நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. "நம்பர் எழுதி ஒட்டுடா" என்று உன்னிடம் எத்தனையோ முறை சொன்னவனும் நான்தான். "என் மெஷினு எனக்குத் தெரியாதா, போடா" என்று சிரிப்பாய்.

அன்றைக்கு எனக்கு என்ன ஆனது என்று இன்னும் புரியவில்லை. நீ இல்லாத முதல் பூஜை, குறை இல்லாமல் செய்ய வேண்டும் என்று மட்டும் மனசில் இருந்தது. தலைவாழை இலை போட்டேன். ஆறு டிஸ்க்கையும் மொத்தமாக உருவி, சாமிக்கு வைப்பதுபோல உன் போட்டோ முன்னால் இலையில் அடுக்கினேன். துடைத்தேன், பொட்டு வைத்தேன், பொரி கடலை வைத்தேன், சூடம் காட்டினேன். உன் மனைவி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். திரும்பச் செருகப் போனபோதுதான் கை நின்றது. ஆறும் ஒரே மாதிரி. எது முதல், எது கடைசி?

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆறு பொருளை எழுநூற்று இருபது விதமாக அடுக்கலாம், பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் ஏதோ ஒன்றில் சரியாகியிருக்கும். ஆனால் பக்கத்தில் உன் மனைவி பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோன்றியபடி செருகி ஓட்டினேன். திரையில் ஏதோ கேள்வி வந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், முழுசாகப் படிப்பதற்கு முன்பே விரல் ஆமாம் என்று தட்டிவிட்டது. சோதிக்கிறது போல, முடியட்டும் என்று நினைத்து, வெளியே வந்து வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்தேன். மெஷினுக்குக் கண் படக்கூடாது என்று நான் வெளியே சுற்றி உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே அது ஆறு டிஸ்க்கையும் அழித்துப் புதிதாக்கிக்கொண்டிருந்தது. திரும்பிப்போய்ப் படித்துப் பார்த்து பிளக்கைப் பிடுங்கியபோது பாதிக்கு மேல் போயிருந்தது.

"கொஞ்சம் ரிப்பேரும்மா, வூட்டுக்குக் கொண்டுபோயி பாக்கறேன்" என்று சொல்லி டிஸ்க்குகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அழிந்ததை மீட்டெடுக்கும் சென்னைக் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். துண்டுகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, முழுசாக ஒரு வரிகூட எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் மூன்று மாசம் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. பாகூருக்கு ஒரு வேலையாகப் போனபோதுகூட உன் ஊரைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். போன் வந்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன்.

நேற்று போனேன். கொல்லை முழுக்க வெள்ளையடித்த மனைக்கல். கொட்டகையில் கூரை இல்லை. உன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தது. குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ரிப்பேர் எல்லாம் இல்லை, வரிசையைக் கலைத்ததும் நான், அழித்ததும் நான், இனி எதுவும் வராது என்று சொன்னேன். இந்த வயசில் இன்னொருத்தர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுவது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது தெரியுமா?

உன் மனைவி தன் போனை எடுத்து எதையோ தேடி என் பக்கம் நீட்டியது. உன் குரல். "தயிரு வாங்கியாரட்டா, வாணாவா?" அவ்வளவுதான், மூன்று விநாடி.

"இது ஒண்ணுதான் அப்புறமா ஆப்ட்டுது. அழிக்க மறந்துட்டேன் போல" என்றது. பிறகு, "நீங்ககூட ஒண்ணும் வெச்சிக்கலியாண்ணா?"

"இல்லம்மா. நான் கேக்கறதே இல்ல. அவனுக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அனுப்புனத அவங்க கேட்டா அந்த மைக்கு படம் நீலமா மாறுமாமே. உங்களுக்கு மாறவே மாட்டேங்குதேன்னு நான்தான் ஒருநாளு அவராண்ட கேட்டேன். அவன் கேக்க மாட்டாண்டி, அவனுக்கு ஆபீஸ்ல ஆயிரம் தலவலின்னாரு. அப்புறம் ஏன் தெனம் தொண்டத்தண்ணி வத்த பேசறீங்கன்னேன். வேற யாராண்ட பேசறதுன்னாரு."

அது கோபமாகச் சொல்லவில்லை. காபி ஆறுது, குடிங்க என்றது. குடித்தேன்.

வரும் வழியெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். நான் கேட்கவில்லை என்பது தெரிந்த பிறகும் எத்தனை காலை இருந்திருக்கும்? எழுந்து, டீ குடித்து, செய்தியைப் படித்து, எனக்குப் புரியும்படி சுருக்கி, நடுவில் ஒரு கிண்டலையும் சேர்த்து. டிஸ்க்கு போனதுகூட ஒருநாள் ஆறிவிடும் என்று நினைக்கிறேன். இது ஆறாது. என் பக்கத்து மைக் அன்றும் நீலமாகவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆறரைக்கு மறுபடியும் "டேய், முழிச்சிட்டியா?" என்று ஆரம்பித்திருக்கிறாய்.