ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம்

நவம்பர் 8

என்னவருக்கு,

நான் நலம் என்று தொடங்கினால் பொய். சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன். நான் அங்கே வருவதற்கான ஆங்கிலப் பரீட்சை முடியும்வரை போனில் ஒரு சொல் தமிழ் பேசக் கூடாது என்று டியூஷன் மாஸ்டர் சொன்னதை நீங்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறீர்கள். இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டு வைத்துவிடுகிறோம். கட்டின புருஷனிடம் தமிழில் நாலு வார்த்தை அழுவதற்கு நான் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

ரிசல்ட் வந்துவிட்டது. கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் தேறிவிட்டேன். பேசுவதில் மறுபடியும் போய்விட்டது. மாஸ்டர் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடிக் கடையில நாள் முழுக்க வாய் ஓயாம பேசற ஆளு நீ. அங்க போய் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

முதல் தடவை, குழந்தைகள் உண்டா என்று கேட்டார்கள். இந்தத் தடவை ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். உனக்குத் தெரிந்த ஒரு குழந்தையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்று அதில் இருந்தது. குறிப்பெழுதப் பென்சிலும் காகிதமும் தந்தார்கள். பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை வைத்த அம்மாள் நல்லவள்தான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அதற்குக்கூட எனக்குப் பதில் வரவில்லை.

நம் வாண்டு போய் மூன்று வருடமாகப் போகிறது. சொந்தக்காரர்கள் யாரும் நம்மிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி சிரித்த முகத்தோடு கேட்டால் நான் என்ன செய்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஜென்மத்தில் நான் அங்கே வந்து சேருவேன் என்று தோன்றவில்லை.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன உங்கள் வாயாடி

*

நவம்பர் 26

என் வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. மனதைத் தளரவிடாதே.

எனக்குப் புதுக் குடியிருப்பு கொடுத்திருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, மேற்கே ஒரு ஜன்னல். கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. என் வெல்டிங் அங்கியை ஒன்றில்தான் மாட்டுகிறேன். இன்னொன்று சும்மா இருக்கிறது. வேலை விட்டு வந்து கதவைச் சாத்தும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது.

குடும்பத்தைக் கூட்டிவரக் கம்பெனி கொடுத்திருக்கும் அனுமதி வரும் ஆகஸ்ட் வரைதான். அதற்கப்புறம் கேட்டுப் பயனில்லை என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் இன்னும் ஒரு தடவை எழுதித்தான் ஆக வேண்டும்.

சொல்கிறேன் என்று கோபப்படாதே. குழந்தை உண்டா என்று கேட்டால் "நோ" என்று சொல்லிவிடு. ஒரே சொல். இங்கே வந்த முதல் நாளிலிருந்து நான் அதைத்தான் சொல்கிறேன். கேட்பவனும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறான். நடந்ததையெல்லாம் விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலமும் போதாது, தெம்பும் இல்லை. நீயும் அப்படியே சொல்லிவிட்டுக் கடந்துவிடு.

உன் வீட்டுக்காரன்

*

ஜனவரி 5

என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பேன். கொக்கியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதனால் வைத்திருக்கிறேன்.

ஒரே சொல்லா? காய்ச்சலில் கிடந்தபோதும், "அம்மா, நாளைக்கு ட்ராயிங் கிளாஸ் இருக்கு" என்று முனகிக்கொண்டே இருந்தாளே, அவளைப் பிறக்கவே இல்லை என்று நான் சொல்ல வேண்டும். உங்களுக்கு எப்படித்தான் நாக்கு வந்ததோ. இத்தனை நாளும் இதை நீங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு வாரம் உங்களுக்கு எழுதவே பிடிக்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. என் கதையை மாஸ்டருக்கு நான் சொன்னதில்லை. அவராகக் கவனித்திருக்கிறார். குடும்பம் என்று வந்தாலே நான் கல்லாகிவிடுகிறேனாம். போன வாரம், மற்றவர்கள் மாடிப்படி இறங்கிய பிறகு என்னை நிறுத்தினார். "அங்க உண்மைக்கு மார்க் கிடையாதும்மா, பேச்சுக்குத்தான் மார்க். இல்லாததை இருக்குன்னு சொல்லு. வந்து வீட்டுக் கதவைத் தட்டியா பார்க்கப் போறாங்க?" என்றார். பிறகு கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: உங்களுக்குக் குழந்தைகள் உண்டா?

உண்டு, ஒரு மகள், ஒன்பது வயது என்றேன்.

அப்புறம் நான் நிறுத்தவில்லைங்க. முன்பல் விழுந்து முளைத்ததைச் சொன்னேன். தலை பின்னும்போது நிற்காமல் ஓடுவதைச் சொன்னேன். கணக்கு வராது, படம் மட்டும் வரைந்து தள்ளுவாள் என்றேன். தப்பும் தவறுமாகத்தான் வந்தது, ஆனால் கொட்டியது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். இதை ஏன் இத்தனை மாதமா ஒளிச்சு வச்சிருந்தே என்று கேட்டார்.

ஆறு வயதில் போனவளை ஒன்பது வயதில் பார்த்துவிட்டு வந்தேன். இது கிடைத்ததும் வரும் ஞாயிறு நீங்களும் கேளுங்கள். பரீட்சைக்குத்தானே. மாட்டேன் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 2

என் வாயாடிக்கு,

மூன்று ஞாயிறாக நீ சொன்னபடியே கேட்டேன். இனி வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

முதல் ஞாயிறு பட்டறையில் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டேன். நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாய். மூன்று வருடமாக உன் வாயிலிருந்து இப்படி ஒரு குரல் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு முகம் கழுவிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

போன ஞாயிறு நான் கேட்ட ஒரு கேள்வி உன் பரீட்சைப் புத்தகத்தில் இல்லை. இருட்டில் தனியாகத் தூங்க இன்னும் பயப்படுகிறாளா என்று கேட்டேன். இப்போது பயமில்லை, விளக்கை அவளே அணைத்துவிடுகிறாள் என்றாய். கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே நிம்மதியாக இருந்தது, அதுதான் எனக்குப் பயம். நமக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது?

பரீட்சை முடிந்ததும் இதை விட்டுவிட வேண்டும். எனக்கு வாக்குக் கொடு. நீ இங்கே வா. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து தமிழில் வாய்விட்டு அழுவோம். அதைக்கூட நாம் இன்னும் சேர்ந்து செய்யவில்லை.

உன் வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 12

என்னவருக்கு,

தேறிவிட்டேன். பேச்சில்தான் எனக்கு அதிக மார்க். மாஸ்டர் வகுப்பில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். என் பங்கைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். இந்தத் தடவை அவர்கள் குழந்தையைப் பற்றிக் கேட்கவே இல்லை. யாருக்காகவாவது காத்திருந்த ஒரு நேரத்தைப் பற்றிப் பேசு என்று அட்டையில் இருந்தது. உங்களுக்காகக் காத்திருப்பதைச் சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும்கூட. நானாகத்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். போன வாரம் மழையில் பள்ளி வாசலில் நின்றேன், எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு கடைசியாக வந்தாள், தண்ணீர் பாட்டில் மூடியைத் தொலைத்துவிட்டு முழித்தாள், திட்ட மனமில்லாமல் தூக்கிக்கொண்டேன் என்று சொன்னேன். பரீட்சை வைத்தவர் பெரியவர், சிரித்துவிட்டார். எழுந்து வரும்போது, உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்றார். சரி சார், சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். யாரிடம் சொல்வது?

நான் வரவில்லைங்க. கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் குடியிருப்பில் பக்கத்து அறைக்காரி ஆங்கிலத்தில் கேட்பாள். உண்டு என்றால், எங்கே, கண்ணில் காட்டு என்பாள். நான் நோ என்று சொல்ல வேண்டும். நீங்கள் அங்கே எல்லோரிடமும் அதைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். தமிழில் அவளை ஒரு தடவை பறிகொடுத்தேன். இப்போது அவளுக்கு மிஞ்சியிருக்கிற இடம் அந்த ஓட்டை ஆங்கிலம் ஒன்றுதான். அங்கேயும் போய் இன்னொரு தடவை பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை.

உங்கள் அங்கியை இரண்டு கொக்கியிலும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டாம். பரீட்சைதான் முடிந்துவிட்டதே.

நான்

*

ஜூன் 21

என் வாயாடிக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. ஞாயிறு தோறும் போன் அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. நான் உன்னை அவசரப்படுத்தவில்லை. ஆகஸ்ட் போனால் போகட்டும்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பட்டறையில் புதிதாக ஒரு ஃபிட்டர் சேர்ந்திருக்கிறான். டீ குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பிள்ளைகள் படத்தைக் காட்டினான். உனக்கு எத்தனை பேர் என்று கேட்டான். இத்தனை நாளாகச் சொல்லிவந்த சொல்தான், வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஒரு மகள் என்றேன். இத்தனை நாளும் என்னிடம் நோ என்றே கேட்டிருந்தவர்கள் டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

படம் வரைவாள், கணக்கு வராது, விளக்கை அவளே அணைத்துவிடுவாள் என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். என்ன படிக்கிறாள் என்று கேட்டான். நாலாவது என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அது நீ ஜனவரியில் போனில் சொன்ன கணக்கு. இப்போது லீவு முடிந்து பள்ளி திறந்திருக்கும். டீ ஆறிப்போய்விட்டது, அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

வாண்டு பாஸாகிவிட்டாளா? தமிழிலேயே எழுது.

உன் வீட்டுக்காரன்