மூன்றாவது தலையணை

ஹாலிஎல,
11.08.2024, ஞாயிறு

அன்புள்ள மகள் நிவேதிகாவுக்கு,

இங்கே அம்மா நலம். அங்கே நீயும் மருமகன் மதுசூதனனும் பேத்தி லதுஷாவும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் கோவிலில் சொல்லிவருகிறோம். முதல் வசனத்தில் ஓர் ஆள் குறைவதை நீ கவனித்திருப்பாய். முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்தவன் கடிதத்தின் முதல் வரியிலேயே பிழையான தகவல் எழுதக்கூடாது என்பதால் அப்படி எழுதினேன். பயப்படாமல் மேலே வாசி. பயப்பட வேண்டிய இடம் வந்தால் நானே சொல்கிறேன். வட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்றும் கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அம்மா தொலைபேசியைப் பிடித்துக்கொள்கிறாள், உன் பக்கத்தில் லதுஷா பாடுகிறாள், நடுவில் படம் உறைந்து நிற்கிறது, நான் நெற்றியிலிருந்து மூக்குவரை மட்டும் தெரிகிறேன். இந்த நிலையில் ஒரு மனிதன் கேட்கக்கூடியது சாப்பிட்டாயா, அங்கே மழையா என்ற இரண்டைத்தான். கடிதத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நீ இருக்கும் பேர்கன் நகருக்குப் போய்ச்சேர மூன்று கிழமை எடுக்கும். எழுதியதை நினைத்து வெட்கப்பட்டு முடிக்க எனக்கு அந்த அவகாசம் போதும்.

வீதியிலிருந்து நம் வீட்டுக்கு நூற்றுப்பன்னிரண்டு படி என்பது உனக்குத் தெரியும், நீ எண்ணப் பழகியதே அதில்தான். சித்திரை மாதம்வரை ஒரே மூச்சில் ஏறினேன். ஆனியில் நாற்பதாம் படியில் ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது, பிறகு இருபத்தைந்தாம் படியிலும் நிற்க வேண்டியிருந்தது. நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதால் மலைகளைப் பார்த்து ரசிக்கத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற மாஸ்டர் கவிதை எழுதத் தொடங்கிவிட்டார் என்று அயலில் பேச்சு. அம்மாவிடம் முழங்கால் வலி என்றேன். கால் வீங்கிச் சப்பாத்து ஏறாமல் போனபோது சப்பாத்து சுருங்கிவிட்டது என்றேன். "ரெண்டு சப்பாத்தும் ஒரே நாளிலையோ சுருங்கினது?" என்று கேட்டுவிட்டு அவள் குசினிக்குப் போய்விட்டாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது, இரண்டு தலையணை வைத்தேன். ஒரு நாள் படுக்கப் போனால் மூன்றாவது ஒன்று இருந்தது. மஞ்சள் பூப்போட்ட உறை, உன் அறையில் உன் கட்டிலில் கிடந்தது. அதில் இன்னும் உன் தலைக்கு வைத்த எண்ணெய் வாசம் இருக்கிறது என்று எழுதினால் ஆறு வருடத்துக்கு எந்த எண்ணெயும் நிற்காது என்று நீயே சொல்வாய். ஆகவே எழுதவில்லை.

கடைசியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதயத்துக்கு எக்கோ எடுக்கும் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர், அவருடைய துண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்தபடி அவருடைய மகள். அந்த அம்மாவுக்கு ஈமோகுளோபின் ஏழு. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழை வைத்துக்கொண்டு அவர் போன மாதம்வரை நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து சுமந்திருக்கிறார். "ரத்தம் தண்ணியா ஓடுதாம் சார், அதச் சுத்தவிட நெஞ்சு படாத பாடு படுதாம். ஒங்களுக்கும் ரத்தம் பத்தலையா?" என்று விசாரித்தார். எனக்கு என்ன என்று இனித்தான் தெரியும் என்றேன். மகள் குவைத்தில் வீட்டுவேலையில் இருந்தவள், இரண்டு மாதத்துக்கு முன் தாய் கூப்பிட்டதும் வந்துவிட்டாளாம். ஒங்க புள்ளைங்க எங்க என்று கேட்டார். ஒரே மகள் நோர்வேயில், வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "ஏங்க சார், வேணாம்னு நீங்க சொன்னா அது எப்புடிங்க வரும்? அதுக்கு என்ன பைத்தியமா?" என்றார். மகள் "சும்மா இரும்மா, படிச்சவங்ககிட்ட" என்று அவருடைய கையைக் கிள்ளினாள். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நல்ல வேளை என்று எழுந்து போனேன்.

உள்ளே எக்கோ பார்ப்பது யார் என்று நினைக்கிறாய், உன்னோடு படித்த அஸ்னா. பதுளைக் கடைவீதியில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் ஹாஷிமுடைய மகள். நான் செய்முறை வகுப்புக்கு ஆட்டு இதயம் வாங்கியதெல்லாம் அந்தக் கடையில்தான். நாடிகளை ஒட்ட வெட்டாமல் நீட்டமாக விட்டுத் தாருங்கள் என்று ஒவ்வொரு தவணையும் கெஞ்ச வேண்டும். "குழாய ஆக்கித் திங்க ஏலாதே சேர், என்னத்துக்கு?" என்று ஒவ்வொரு தவணையும் ஹாஷிம் கேட்பார். அந்தக் குழாய்களின் பெயரை அவருடைய மகள் இன்றைக்கு நித்திரையிலும் சொல்வாள். நீங்கள் இருவரும் இதயம் வரைந்த கொப்பிகளை அவள் மறக்கவில்லை. ஒருமுறை உன் நீலப் பென்சில் தொலைந்து நீலம் அடிக்க வேண்டிய வலப்பக்கத்துக்கு நீ பச்சை அடித்திருந்தாய். பச்சைக் குருதி ஓடும் பிராணியின் பெயரை எழுதுக என்று நான் சிவப்பு மையால் எழுதினேனாம். நீ பின்னேரம் முழுதும் அழுதாயாம். எனக்கு இவ்வளவு வருடமும் அது தெரியாது.

இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி, நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை வைத்தாள். திரையில் என் இதயம் தெரிந்தது. முப்பத்துநான்கு வருடம் சோணையறைகளை மேலேயும் இதயவறைகளைக் கீழேயும் வரைந்தவன் நான். இங்கே சோணையறைகள் கீழே இருந்தன. என் இதயம் தலைகீழாக நின்று வேலை செய்துகொண்டிருந்தது, பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. கருவியை இதயத்தின் நுனிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்றாள் அஸ்னா. பிறகு ஒரு பொத்தானை அமுக்கினாள், குருதி நிறத்தில் ஓடத் தொடங்கியது. இடப்பக்கத்தில், சுத்தமான சிவப்புக் குருதி மட்டுமே இருக்க வேண்டிய பக்கத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் நீலம் பளிச்சிட்டது. எனக்குத் தெரியாததா. இடைச்சுவரில் துவாரம், இரு பக்கக் குருதியும் கலக்கிறது, எழுபத்தொரு வயதில் வெளிப்பட்டிருக்கும் பிறவிக் கோளாறு என்று வகுப்பில் சொல்வதுபோல் அஸ்னாவுக்கு விளக்கினேன். "சேர், கொஞ்சம் பேசாம இருங்க, படம் ஆடுது" என்றாள். பிறகு சொன்னாள், "நீலம் எண்டா கெட்ட ரத்தம் இல்ல சேர். மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியா. எங்கட பக்கம் வாறது சிவப்பு, எங்கள விட்டுப் போறது நீலம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னபிறகும் நான் கனநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சிவப்பாக வந்தது, வந்த வேகத்தில் கொஞ்சம் நீலமாகத் திரும்பிப் போனது. இடப்பக்கத்து இருகூர் வால்வைக் கதவுபோல் இழுத்துப் பிடித்திருக்கும் நாண்களில் ஒன்று அறுந்திருக்கிறது. கதவு சரியாக மூடவில்லை. பெருநாடிக்குப் போக வேண்டிய குருதியில் ஒரு பங்கு வந்த வழியே சோணையறைக்குத் திரும்பி, அங்கிருந்து சுவாசப்பையில் போய்த் தேங்குகிறது. மூச்சு முட்டுவதும் தலையணை மூன்றானதும் அதனால்தான். "எத்தின தலையணை சேர்?" என்று அஸ்னா கேட்டாள், டொக்டர்மார் அப்படிக் கேட்பது நோயின் அளவை அறியத்தானாம். மூன்று என்றேன், யாருடையது என்று அவள் கேட்கவில்லை. இந்த வீட்டிலிருந்து வாசல் தாண்டிப் போனவற்றில் பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வருவது என் குருதி மட்டும்தான், அதற்கும் நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு துளி இடது இதயவறையிலிருந்து புறப்பட்டு, கால்விரல் வரை போய், சுவாசப்பையையும் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கு வர ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று உங்களுக்குப் படிப்பித்தேன். நீ முதன்முதலாகப் பதுளை ஸ்டேஷனில் பின்னேர ரயில் ஏறிப் பதினொரு வருடம். அன்றைக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்த விளக்கு சிவப்பு. போவது சிவப்பா நீலமா என்பதில் ரயில் திணைக்களத்துக்கும் எக்கோ மெஷினுக்கும் உடன்பாடு இல்லை.

பயப்பட வேண்டிய இடம் இதுதான், வாசி. ஒக்டோபர் மூன்றாம் திகதி கொழும்பில் நெஞ்சைத் திறந்து வால்வைத் தைக்கப் போகிறார்கள், தைக்க முடியாவிட்டால் மாற்றுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நல்லபடி முடியும் என்றாள் அஸ்னா. தொண்ணூற்றைந்து எடுத்த பிள்ளைகளை மிச்ச ஐந்துக்கு என்ன நடந்தது என்று கேட்டு அழவைத்தவன் நான், இப்போது அந்த ஐந்தைப் பற்றியே நினைக்கிறேன். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள், ஒரு பை தோடம்பழத்தோடு ஹாஷிம் படியேறி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "நம்மட கடையால எத்தின நெஞ்சு வாங்கி வெட்டின மனிசன், தன்ட ஒண்ட வெட்டக் குடுக்கப் பயப்புடுறாரு, நீங்க சொல்லுங்க அக்கா" என்றார். என் வயதுக்கு மாற்று வால்வைப் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோதான் எடுப்பார்கள், எனக்குச் சொல்லியிருப்பது மாட்டுடையது, ஹாஷிம் அதையும் விடவில்லை. இறைச்சி வந்த பாத்திரத்தை மூன்றுதரம் மஞ்சள் போட்டுக் கழுவுகிற வீட்டில் இதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று நான் இருமிக்கொண்டிருக்க, "மூண்டாந் தலையணை வைக்கேக்கையே எனக்குத் தெரியும். பசுவிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன், நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் உன் அம்மா. ஓம் என்றேன். பிறகு "பிள்ளைக்கும் நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொன்னா வரும். நீங்கள் சொன்னாத்தான் நிம்மதியா வரும்" என்றாள்.

ஆகவே சொல்கிறேன். நீ வருகிறேன் என்று கேட்ட ஒவ்வொரு முறையும் மறுத்தது நான். லதுஷா கைக்குழந்தை, பயணம் வேண்டாம் என்றேன். அடுத்து கொரோனா வந்தது. பிறகு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நிற்கிறோம், வந்து நீயும் நிற்கப்போகிறாயா என்றேன். போன வருடம் விமானச் சீட்டு விலை. காரணங்கள் எல்லாம் சரி, விடை மட்டும் பிழை. 2018இல் நீயும் மருமகனும் வந்து பன்னிரண்டு நாள் நின்றீர்கள், நீங்கள் போய்விட்ட பதின்மூன்றாம் நாள் காலையில் அம்மா வழக்கம்போல் நான்கு பேருக்குப் பிட்டு அவித்துவிட்டாள். மதியமும் அதையே சாப்பிட்டோம். போன ஞாயிறு லதுஷா ஓர் இதயம் வரைந்து காட்டினாளே, மேலே இரண்டு மேடு, கீழே ஒரு கூர். எந்தப் பிராணிக்கும் அப்படி ஓர் உறுப்புக் கிடையாது. நூற்றுக்கு நூறு என்றேன். அம்மா திரும்பி என்னையே பார்த்தாள். உனக்கு நான் ஒருநாளும் நூறு போடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பச்சைப் பென்சிலுக்கு வெட்டிய புள்ளியை இப்போது திருப்பித் தருகிறேன். இத்தனை வருடம் கழித்து மீள்திருத்தம் செய்ய விதியில் இடமில்லை, இருந்தாலும் தருகிறேன்.

நீயும் மருமகனும் வருடத்துக்கு ஒருதரம் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். லதுஷாவைக் கீரை சாப்பிடப் பழக்கு, சாப்பிட்டதும் ஏதாவது புளிப்பான பழம் கொடு, அப்போதுதான் இரும்புச்சத்து உடம்பில் சேரும். பனியில் காரை மெதுவாக ஓட்டச் சொல். இது கிடைத்தவுடன், தொலைபேசியில் வரத் தேவையில்லை என்று நான் சொன்ன இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு அங்கே வா என்று திருத்திக்கொள். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று அடுத்த வரியில் எழுதியிருந்தேன். எழுதி வெட்டியிருப்பதை நீ பார்க்கலாம். வா, மகள்.

உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும், போகிற வழியெல்லாம் திறந்த கதவுகளும், திரும்பி வர ஒரு வழியும் கிடைக்க ஆண்டவன் துணை இருக்கட்டும். மறக்கக்கூடாதது ஒன்று, உன் தலையணை என்னிடம் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் அதன் உறையை அம்மா தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். கடிதத்தை இன்னும் தபாலிலே போடவில்லையே என்றேன். "வெயில் இண்டைக்குத்தானே இருக்கு" என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வி. சிற்றம்பலம்