நைரோபி – லேகோஸ், ஐந்தே கால் மணி நேரம்

நவ. 11, செவ்வாய்

டிரெஸ்டன் முழுக்க மூடுபனி. லேபில் மூன்று சாம்பிள் பாக்கி. பால், வெங்காயம் வாங்க வேண்டும்.

மதியம் லேகோஸிலிருந்து போன். தம்பி முரளியின் ரூம்மேட் ஜோசப். மலேரியா மூளையைத் தாக்கிவிட்டதாம். ஐசியு. "நினைவு வந்து வந்து போகுதுங்க. அண்ணன் வந்தாச்சான்னுதான் கேக்குறாரு."

நான் போக வழியில்லை. என் ஜெர்மன் விசா அட்டை முடிந்துவிட்டது, புதுப்பிக்க 24ஆம் தேதிதான் அப்பாயிண்ட்மென்ட். வெளியே போனால் திரும்ப முடியாது. இது காரணமா, சாக்கா? தெரியவில்லை.

அண்ணன் இருப்பது நைரோபியில். தேடிப் பார்த்தேன். லேகோஸுக்கு 3,800 கி.மீ. நேர் விமானம், ஐந்தே கால் மணி. நாளைக் காலையிலேயே ஒன்று இருக்கிறது. அவனிடம் விசாவும் உண்டு. ஆபீஸ் வேலையாக இரண்டு முறை லேகோஸ் போய், தம்பியைப் பார்க்காமல் திரும்பிய மகராசன்.

அவர்கள் இருவருக்குள்ளும் நாலு வருஷமாகப் பேச்சில்லை. அப்பா இறந்தபோது "சீரியஸ், உடனே வா" என்றுதான் அண்ணன் முரளிக்குச் சொன்னான். பதறுவான் என்று எல்லா வீட்டிலும் சொல்கிற பொய்தான். நம்பி, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான் பாவி. எரித்து முடித்திருந்தோம்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. மீட்டிங்காம், தானாக ஒரு மெசேஜ் வந்தது. மெசேஜ் போட்டேன்: "முரளி சீரியஸ். உடனே போண்ணா."

பதில்: "சரி. அம்மாகிட்ட இப்ப சொல்லாதே. நான் பாத்துக்கறேன்."

அப்பாடா. வெங்காயம் மறந்துபோயிற்று.

நவ. 12, புதன்

மழை. அண்ணன் கிளம்பவில்லை! வெள்ளிக்கிழமைக்குத்தான் டிக்கெட். அண்ணிதான் போனை எடுத்தாள். "எம்பசிக்கு அலைஞ்சிட்டிருக்காரு. பேப்பர்ஸ் எல்லாம் ரெடி பண்ணணும்ல. நீ மனசத் தேத்திக்க வித்யா."

விசாதான் இருக்கிறதே, என்ன பேப்பர்? இன்னுமா வீம்பு? ஆத்திரத்தில் ஒன்றும் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

ஜோசப்: "இன்னிக்குக் கொஞ்சம் தெளிவா இருக்காரு."

நவ. 13, வியாழன்

காலை 6.40. லேகோஸிலும் அதே மணிதான். முரளி போய்விட்டான்.

லேபுக்குப் போகவில்லை. அண்ணனுக்கு நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போய்த் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். அவ்வளவு வெறுப்பு.

நவ. 14, வெள்ளி

வெயில், எதற்கோ. மாலை அண்ணன், லேகோஸ் ஆஸ்பத்திரியிலிருந்து.

"அவன் போனது நேத்து காலைலதான்னு சொல்றாங்க. தப்பா சொல்றாங்களா?"

"இல்லண்ணா."

"நம்ம வீட்ல சீரியஸ்னா... நான் செவ்வாக்கிழமையே அழுது முடிச்சிட்டேன் வித்யா. பாடியை ஊருக்குக் கொண்டுபோக எல்லா ஃபாரமும் வாங்கி நிரப்பி வெச்சிட்டேன். பெட்டியில கோடி வேட்டி இருக்கு."

பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளும் சத்தம்.

"அப்ப நீ மெசேஜ் போட்டப்போ அவன் உசிரோட இருந்தானா?"

"ஆமாண்ணா."

"பேசினானா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்ல வரவில்லை.

"அண்ணன் வந்தாச்சான்னு கேட்டான்."