கொதிக்க வைத்துப் பருகவும்

ஜூன் 11, 2024, செவ்வாய்
தெருக் குழாயில் தண்ணீர் லேசான ஊதாவாக வருகிறது. மாநகராட்சி ஆபீசில் ஆனந்தகுமார் சார் அறிவிப்பு எழுதிக் கொடுத்தார். நான் படிக்க, பதிவு செய்தார்கள். "குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகவும். பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை." தண்ணீர் சோதனை ரிப்போர்ட்டைக் கேட்டேன். "அது உனக்கெதுக்கும்மா? குரல் நல்லா இருக்குது, போதும்" என்றார்.

ஜூன் 13
ஆட்டோவில் என் குரல் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சுற்றுகிறது. பக்கத்து வீட்டு காந்தாக்கா தறியிலிருந்து எழுந்து வந்து, "டிவியில வர்ற மாதிரியே இருக்குதுமா" என்றாள். பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன், இருந்தது.

ஜூன் 19
கொதிக்க வைத்தேன். நிறம் போகவில்லை.

ஜூன் 21, வெள்ளி
காந்தாக்கா மகள் திரிஷாவுக்கு நாலு நாளாக வாந்தி. ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். "கொதிக்க வச்சிதான் குடுக்கறேன்மா" என்றாள் அக்கா. டாக்டரம்மா, "கொதிச்சா கிருமி சாகும். சாயக்கழிவுல வர்ற உலோகம் அப்படியே இருக்கும். தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்" என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

ஜூன் 24
சாரிடம் சொன்னேன். "குடிக்காதேன்னு சொன்னா பீதி கிளம்பும். அத்தனை லாரிக்கு எங்க போறது?"
அப்போ ரிப்போர்ட்டப் படிச்சிட்டுதான் எழுதிக் குடுத்தாரா? தெரிஞ்சேவா? இந்த வாயாலதானே — நான்தானே சொன்னேன். சீ.

ஜூன் 25
வீடு வீடாகப் போய்க் குடிக்காதீர்கள் என்றேன். "ஆட்டோல வேற மாதிரி சொல்றாங்களேமா" என்றார் எதிர்வீட்டு வீரபாகு அண்ணன். அதுவும் நான்தாண்ணா என்றேன். "அது சர்க்கார் சொல்றது" என்றார்.

ஜூன் 26
அறிவிப்பு ஆட்டோ ஓட்டும் ஜியாவுதீன் பாயிடம், போனில் நானே பேசிப் பதிந்ததைக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் போட்டார். "கொதிக்க வைத்தாலும் பருக வேண்டாம்." சார் நடையிலேயே எழுதியிருந்தேன். மதியத்துக்குள் தெருவே நம்பியது. சாயங்காலம் எனக்கு வேலை போனது. பாய்க்கு ஆபீஸ் சவாரி போனது.

ஜூலை 8, திங்கள்
தெருவில் யாரும் குழாயைத் தொடாததால், பத்து நாளாக ஆபீசே லாரியில் தண்ணீர் அனுப்புகிறது. திரிஷா எழுந்து நடமாடுகிறாள். இன்று ஆட்டோவில் வேறொரு பெண் குரல்: குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானது. காந்தாக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். "நீ இன்னாமா சொல்ற?"
ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றேன்.
மனு எழுதினோம், அறுபத்திரண்டு கையெழுத்து. பதினோரு பெண்கள் கொண்டுபோனோம். சார் படித்தார். எங்களை எண்ணிப் பார்த்தார். "உட்காருங்கம்மா" என்றார். அங்கே நாலு வருஷம் வேலை பார்த்தேன், இதுதான் முதல் தடவை.
உட்கார்ந்தோம். ரிப்போர்ட் கைக்கு வரும் வரை எழுந்திருக்கவில்லை.