கதவு உள்ள பயம்

அண்ணை,

லா ஷப்பலில், ரூ காய் தெரு மரக்கறிக் கடை வாசலில் இன்று ஒரு பெரிய பூசணிக்காயை வெட்டிக்கொண்டு நின்றார்கள். அதன் ஈரமான பச்சை வாசம் கருவாட்டுப் பெட்டியையும் தாண்டி என் மூக்குக்கு வந்தது. வெட்டாத இன்னொரு காய்க்குக் கடைக்காரர் கண்ணும் பல்லும் செதுக்கி, நெற்றியில் திருநீறும் பூசி வைத்திருந்தார்.

"என்ன தம்பி இது, பேய்க்குத் திருநீறோ?" என்று கேட்டேன்.

"ஹலோவீன் வருதெல்லே ஐயா. வெள்ளைக்காரர் படம் எடுக்க வருவினம். வந்தால் வெண்டிக்காயும் வாங்குவினம். திருநீறு எனக்கு. காலமை கடை திறக்கேக்கை நானே பயந்திட்டன்."

சிரித்துக்கொண்டே நின்றேன். அப்படி நிற்கும்போது என் வலது கை தானாக மூடி இறுகியது. ஏன் என்பது உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்தான் எழுதுகிறேன் அண்ணை! மேலே 'அண்ணை' என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். அந்தச் சொல் வைத்த இடத்திலேயே நிற்கிறது. பேசின சொல் இப்படி நிற்பதில்லை. இந்த வயதில் இப்படி ஒரு புதினம் எனக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. மெதுவாகத்தான் வருகிறது. நீங்களும் மெதுவாகவே வாசியுங்கள்.

ரூ பஜோலுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் நான் குடிவந்தது 2009இல், கோடை முடிகிற நேரம். அந்த வருடம் என் அக்காவும் அவளின் குடும்பம் முழுவதும் ஊரில் ஷெல்லடியில் அழிந்துபோனது. அதன் பிறகு எனக்குப் பெரிய சத்தம் எதுவும் ஆகாது. வேலை செய்த உணவகத்துக் குசினியில் யாராவது சட்டியைக் கீழே போட்டால், நான் கழுவுகிற தொட்டிக்கு அடியில் குந்திவிடுவேன். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவனின் தலைக்கு மேலே, ஒக்தோபர் கடைசியில் ஒரு பின்னேரம், ஏதோ ஒன்று முனகத் தொடங்கியது. பெரிய பூதம் ஒன்று நித்திரையில் புரள்வது போல இருந்தது. பிறகு பல பேர் ஒன்றாக ஒப்பாரி வைத்தார்கள். பிறகு எலும்போடு எலும்பு தட்டுகிற சத்தம். நான் படியேறி வந்து உங்கள் கதவைத் தட்டினேன். தட்டினேன், தட்டினேன், நீங்கள் திறக்கவில்லை. தள்ளினேன், திறந்துகொண்டது. நீங்கள் சாய்நாற்காலியில் கண்ணை மூடி, முகம் முழுக்கச் சிரிப்போடு இருந்தீர்கள்.

"அண்ணை! ஆர் செத்தது?"

கண்ணைத் திறந்தீர்கள். "யாரும் சாகல தம்பி. பேய்ப்பாட்டு. இன்னிக்கு ஹலோவீன். வாங்க, உக்காருங்க."

"உங்களுக்கு என்ன விசரே? வீட்டுக்குள்ளை இருந்து பேயைக் கூப்பிடுறியள்!"

"பேரு தெரியாத பேய் இல்ல தம்பி. எல்லாம் பெரிய பெரிய மெத்தருங்க, சங்கீத மேதைங்க, எழுதி வச்ச பேய்."

புதுச்சேரித் தமிழை நான் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது அன்றுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தின் வாத்தியக் குழுவில் மேளம் அடித்து ஓய்வு பெற்றவர் நீங்கள். மனைவி போன பிறகு தனியாள். ஒவ்வொரு ஹலோவீனுக்கும் பழைய இசைத்தட்டுகளை எடுத்து, விருந்துக்கு இலை போடுகிற மாதிரி வரிசையாக வைப்பீர்கள். முதலில் மாதாகோயில் ஓர்கன், பிறகு செத்தவர்களுக்காக லத்தீனில் பாடுகிற கூட்டம், பிறகு மரக்கட்டைகளைத் தட்டி எலும்புக்கூடுகளை ஆட வைக்கிறது. கடைசியாக, உங்களுக்கு உயிரான அந்த மணிப்பாட்டு.

அதில் அடித்தொண்டை வயலின்கள் படியேறி வருகிற காலடி மாதிரி நடக்கும். மற்ற வயலின்கள் நுளம்பு போலக் காதருகே இரையும். புல்லாங்குழல் ஒன்று ஏதோ கேட்கப்போய்ப் பாதியில் நின்றுவிடும். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த வெறுமைக்குள் ஒரே ஒரு மணி. மணி அடித்ததும் மேளங்கள் எல்லாம் வெடிக்கும்.

வெடித்ததும் நான் எழும்பிப் படியிறங்கி ஓடிவிட்டேன். மறுநாள் வெட்கத்தோடு வந்தபோது ஏன் ஓடினாய் என்று நீங்கள் கேட்கவில்லை. அக்காவைப் பற்றி நானாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "அந்தப் பயத்துக்குக் கதவு இல்ல தம்பி. இது கதவு உள்ள பயம். வேணாம்னா எழுந்து வெளிய போயிடலாம். அதனாலதான் நான் சாத்தறதில்ல."

அதன் பிறகு நான் உங்களிடம் வராத பின்னேரம் குறைவு. ஒவ்வொரு ஹலோவீனுக்கும் மணி வரைக்கும் இருப்பேன். மேளம் வெடிக்கும்போது படியில் நிற்பேன். மற்றப் பயங்களை மெல்ல மெல்ல ருசிக்கப் பழகினேன். ஓர்கன் தொடங்கும்போது முதுகில் ஊரும் குளிருக்காகக் காத்திருக்கவும் தொடங்கினேன்.

ஆனால் வருடத்துக்கு வருடம் நீங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனீர்கள். உங்கள் காது போகிறது என்று எனக்கு விளங்கியது. நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்து ஊரான சென் தெனியில் ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து நடத்திய வாத்தியக் குழுவில் நீங்கள் மணியும் தாளமும் அடித்தீர்கள். வாரத்தில் ஒத்திகைக்குப் போகிற அந்த ஒரு நாள்தான் நீங்கள் முகம் வழித்துக் கழுத்துப்பட்டி கட்டுகிற நாள். குழுவை நடத்துகிற அம்மாவின் கையைப் பார்த்துத்தான் காலத்தை ஓட்டினீர்கள்.

ஒரு புரட்டாதியில் சோர்ந்துபோய் வந்தீர்கள்.

"தம்பி, இந்த ஹலோவீனுக்கு மணிப்பாட்டு வைக்கிறாங்க. ஷெஃப் சொல்லுது, மணி ஜனங்களுக்குப் பின்னாடி, திரைக்குள்ளேருந்து வரணுமாம். எல்லாருக்கும் தூக்கிவாரிப் போடணுமாம்."

"ஷெஃப் எண்டால் எங்கட குசினி ஷெஃப் மாதிரியோ?"

"அதே. கையில கரண்டிக்குப் பதிலா குச்சி. திரைக்குள்ள நின்னா அது கையை நான் எங்க பாக்கறது? ரெண்டு ஒத்திகையில தப்பிட்டேன். இன்னொரு தரம் தப்பினா மணியை வேற ஆளுக்குக் குடுத்துடும்."

"சொல்லுங்கோவன் அண்ணை, காது..."

"சொன்னா மொத்தமா வீட்ல உக்காரச் சொல்லுவாங்க."

நான் உடனே சொன்னேன்: "கவலைப்படாதேங்கோ. நான் தாளம் போடுறன்." கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்கு முன்னால் இருந்து தொடையில் தாளம் போட்டு வளர்ந்தவன் நான். மேதாவி மாதிரி அடுத்த ஒத்திகைக்கு வந்தேன். உங்கள் தம்பி என்று சொல்லிக் கடைசி வரிசையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையின் இடுக்கால் உங்களுக்கு என் கை மட்டும் தெரியும். தொடையில் தட்டி, விரல் எண்ணி, கையை மூடினேன். மணி அடித்தது. புல்லாங்குழல் இன்னும் முடியவில்லை! முன்னால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நம்முடைய தாளம் ஒருமுறை புறப்பட்டால் ஆருக்கும் நிற்காது. இவர்களுடையது மூச்சு மாதிரி, பயம் கூடக் கூட இழுபடுகிறது. அது தெரியாமல் உங்கள் கடைசி வாய்ப்பையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அந்த அம்மா திரைக்குள் வந்து உங்களிடம் ஏதோ சொன்னார். குரல் கடுமையாக இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வெளியே வந்து, "கச்சேரியில பாத்துட்டு முடிவு பண்றேன்னு உதடு சொல்லுச்சு" என்றீர்கள்.

எண்ணுவதை விட்டேன். விரல் விரித்திருந்தால் பொறுங்கள், மூடினால் அடியுங்கள், அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டோம். அம்மாவின் குச்சியை நான் பார்ப்பேன், என் கையை நீங்கள் பார்ப்பீர்கள். கச்சேரி வரைக்கும் அந்த இசைத்தட்டு தேய்ந்திருக்கும், அவ்வளவு கேட்டோம்.

ஹலோவீன் பின்னேரம் மண்டபம் நிறைய வேடம் போட்ட பிள்ளைகள், வௌவால்கள், சூனியக்காரிகள். என் பக்கத்தில் கூர்த்தொப்பி போட்ட ஒரு பாட்டி இருந்தார். முன்பாட்டுகள் எல்லாம் போயின, ஒன்றும் என் காதில் ஏறவில்லை. மணிப்பாட்டு தொடங்கியது. காலடிகள் படியேறின. நான் கையைப் பின்னால் கொண்டுபோய் விரல்களை விரித்தேன்.

புல்லாங்குழல் வாயைத் திறக்கிற இடத்தில், மண்டபத்து விளக்குகள் எல்லாம் அணைந்தன.

ஒத்திகையில் இல்லாத வேலை அது. பிள்ளைகளைப் பயப்படுத்த அந்த அம்மா ஒளித்து வைத்திருந்த விளையாட்டு. வாத்தியக்காரர் பாடம் பண்ணி வைத்திருந்தார்கள் போல, காலடிகள் நிற்கவில்லை. ஆனால் எனக்குக் குச்சி தெரியவில்லை, உங்களுக்கு என் கை தெரியாது. திரைக்குப் பின்னால் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நீங்கள், இருட்டும் செவிடுமாக ஒன்றாகச் சூழ்ந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்ற நினைப்பு என்னை எழுப்பியது. கதிரையில் முட்டினேன், தொப்பிப் பாட்டி வீரிட்டார். திரைக்குள் கையை விட்டுத் துழாவினேன். துணி, துணி, பிறகு உங்கள் இடது முழங்கை. கீழே இறங்கி மணிக்கட்டைப் பிடித்தேன். நீங்கள் நடுங்கினீர்கள், பிறகு அசையாமல் நின்றீர்கள். என்னை அடையாளம் கண்டுவிட்டீர்கள்.

குழல் பாதியில் நின்றது. ஒன்றுமே இல்லை. எங்கள் இசைத்தட்டில் அந்த வெறுமை எவ்வளவு என்று என் உடம்புக்குத் தெரியும். ஆனால் இங்கே அம்மா அதை இழுக்கிறார். இப்போதா? இல்லை. முன்வரிசையில் ஒரு பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. இப்போதா? என் கைமயிர் முழுக்க எழும்பி நின்றது. இதற்கு மேல் ஆராலும் தாங்க முடியாது என்ற இடம் வந்தது. உங்கள் மணிக்கட்டை இறுக்கினேன்.

மணி அடித்தது.

அடித்த கையோடு மேளங்கள் வெடித்தன. கதவு என் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது, அதன் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் என் கையில் நீங்கள் இருந்தீர்கள். அக்கா, அக்கா என்று வாய் சொல்லிக்கொண்டே நின்றேன். அந்தச் சத்தத்துக்குள் முடிவு வரைக்கும் நின்றது அன்றுதான். முடிந்து விளக்கு எரிந்தபோது பிள்ளைகள் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும்.

அந்த அம்மா ஓடி வந்து உங்கள் கன்னத்தில் முத்தமிட்டு ஏதோ சொன்னார். நீங்கள் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னீர்கள். ரயிலில் என்னைக் கேட்டீர்கள்.

"என்ன தம்பி சொல்லுச்சு?"

"முழுக்க விளங்கேல்லை அண்ணை. அடுத்த வருசமும் எண்டு சொன்னவ!" என்று உங்கள் காதுக்குள் கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"நீங்க பயந்தீங்களா?"

"ஓம் அண்ணை. நல்லாப் பயந்தன்."

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நீங்கள் மணி அடித்தீர்கள். என் கை கூடவே வந்தது. மணிக்கட்டை இறுக்கினாலும் கை தூக்க முடியாத காலம் வந்தபோது, நீங்களாகவே சுத்தியலைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அப்போது என் குரலும் உங்களுக்கு எட்டாமல் போயிருந்தது. "வாயால சொல்லாதீங்க தம்பி, எழுதிக் காட்டுங்க" என்றீர்கள். நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன். எனக்கு எழுதத் தெரியாது என்பது அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் என் கையைப் பிடித்து மூடிவிட்டு, "அப்ப இதால பேசுவோம்" என்றீர்கள்.

எனக்கு அது போதவில்லை. லா ஷப்பல் தமிழ்ப் பள்ளியில் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்து எழுத்துப் பழகினேன். குளிர்காலம் தொடங்கும்போது ஒரு சொல்லை எழுதிக்கொண்டு உங்கள் கட்டிலடிக்கு வந்தேன். 'பயம்.' கண்ணாடியைப் போட்டு வாசித்தீர்கள்.

"எழுத்து நடுங்குது தம்பி. பொருத்தமாத்தான் இருக்கு."

எனக்கு முழு வசனம் வருவதற்கு முன் நீங்கள் போய்விட்டீர்கள். இதுதான் அந்த வசனம் அண்ணை, கொஞ்சம் நீண்டுவிட்டது.

உங்கள் இசைத்தட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன, உங்கள் மகள் தந்துவிட்டுப் போனார். எழுதுகிறதை இடையில் நிறுத்திவிட்டு இன்று மணிப்பாட்டை வைத்தேன். காலடி வந்தது, குழல் நின்றது. கதிரைக் கையை எட்டிப் பிடித்தேன். இறுக்கினேன், மணி அடித்தது. மேளங்கள் வெடித்து முடியும்வரை இருந்தேன். எழும்பித் திரும்பியபோதுதான் பார்த்தேன், நீங்கள் செய்கிற மாதிரித் திறந்து வைக்காமல், கடையிலிருந்து வந்த கையோடு கதவைச் சாத்திவிட்டிருக்கிறேன்.