கெட்டிக்காரக் காது

வாயாடிக்கு,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்புகிறேன். பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு உன் அக்கா வருவார்கள். சாவி கொடுத்திருக்கிறேன், நீ எழுந்து ஓடாதே.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் நீ வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ரெண்டு நாளா அசைவு கம்மியா இருக்குங்க" என்று நீ சொன்னபோது, குழந்தையின் துடிப்பைக் கேட்க நான் வாங்கி வந்த கருவியை உன் வயிற்றில் வைத்து, "இன்ஜின் சத்தத்துலயே கோளாறு சொல்றவன் நான். நல்லாத்தான் ஓடுது, சும்மா இரு" என்றேன். நேற்று செக்கப்பில் அதே கருவியை வைத்து, அந்தச் சத்தத்தை நர்ஸ் உன் மணிக்கட்டைப் பிடித்தபடி கேட்டுவிட்டு, "இது அம்மாவோட துடிப்பு. குழந்தையோடது இதவிட ரொம்ப வேகமா இருக்கும். வீட்டுல யாரு வச்சுப் பாத்தது?" என்றார்.

"நான்தான்" என்றாய் நீ. நான் கருவியை எடுத்துப் பைக்குள் மறைத்தேன்.

உன் வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பார்த்த அந்த நாற்பது நிமிடமும் என் உயிர் என்னிடம் இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்போதும் உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கருவியைக் கேட்டேன், உன்னைக் கேட்கவில்லை.

இனி அசைவு குறைந்தால் எனக்காகக் காத்திருக்காதே, அக்காவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. போட்டது போட்டபடி வருகிறேன்.

தாளின் ஓரத்தில்தான் இனி இடம் இருக்கிறது: பிள்ளையின் துடிப்பு என்று போனில் பதிந்து ஒர்க்‌ஷாப் முழுக்கப் போட்டுக் காட்டினேனே, அது நீ. அழிக்கத்தான் எடுத்தேன். இன்னொரு தரம் கேட்டேன். அழிக்கவில்லை.